ஏழு புள்ளி எண்பத்தாறு

படிக்கட்டு திரும்புகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மேல்வீட்டிலும் சேர்த்தியில்லை, கீழ்வீட்டிலும் சேர்த்தியில்லை. மடியில் பழைய லேப்டாப், அதன் சூடு தொடையில் ஏறிக்கொண்டிருக்கிறது. எழுந்து போய் ஒரு தலையணை எடுத்து வரலாம். எழுந்தால் மறுபடி உட்கார வேண்டும், முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. மதியத்து லுஹர் தொழுது, சோறு தின்று, தெரு முழுக்கக் கண்ணயர்ந்து கிடக்கிற நேரம். எனக்கும் கண் சொக்குகிறது, ஆனால் இந்த ஒரு வரி தூங்க விடமாட்டேன் என்கிறது. இந்த முகவரியை வேறொரு கருவி பயன்படுத்துகிறது. நேற்று என் மனைவி ருக்கையாவின் கம்ப்யூட்டரில் வந்த வரி. அவள் கோபத்தில் மூடுவதற்குள் போனில் படம் பிடித்துக்கொண்டேன், அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேறொரு கருவி. எந்தக் கருவி என்று சொல்லித் தொலைத்தால் என்ன. குற்றம் சொல்கிறவன் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா, மொட்டைக் கடுதாசி போடுவது மாதிரி இது என்ன பழக்கம். என் மனைவிக்குப் பெயர் தேவையில்லை, அவளிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. மேல்வீட்டுக்காரி. கூடப் பிறந்த அக்காளை, லாத்தா லாத்தா என்று வாய் நிறையக் கூப்பிட்டவளை, இப்போது அப்படித்தான் சொல்கிறாள். நான் ஓத உட்காரும் நேரம் பார்த்து மேல்வீட்டுக்காரி நெட்டு லைனை அறுக்கிறாள் என்கிறாள். இல்லை ருக்கையா, மிஷின் கோளாறு என்றால், நேரம் பார்த்துக் கெடுகிற மிஷின் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்கிறாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கொத்தனார் சுடலை வருகிறான். இதே படிக்கட்டை, நான் உட்கார்ந்திருக்கிற இதே இடத்தை அடைத்துச் சுவர் வைக்க. கீழே செங்கல் வந்து இறங்கிவிட்டது. மேல்வீட்டுக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படி போட்டாயிற்று. சுவர் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் அந்த வேறொரு கருவி எது என்று கண்டுபிடித்துவிட்டால், கோளாறு மனுஷியில் இல்லை என்று காட்டிவிட்டால், சுடலையைத் திருப்பி அனுப்பிவிடலாம். அனுப்பிவிடலாம் என்று யார் சொன்னது. நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

சுவர் வேண்டாம் என்று சொல்ல நான் யார், அதுவும் இருக்கிறது. எங்கள் ஊரில் வீடு பெண்களுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்கிறவன். மாமனார் கட்டிய வீட்டில் மேல் பாதி மூத்தவள் மைமூனுக்கு, கீழ் பாதி இளையவள் ருக்கையாவுக்கு. நடுவில் இந்தப் படிக்கட்டு, இதை அவர் யாருக்கும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. மைமூனின் கணவர், என் சகலை ஷேக்னா, இன்னும் குவைத்தில் இருக்கிறார். நான் ஜித்தாவை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன், இனி போக மாட்டேன். ஆயுசு முழுக்க இன்னொரு ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினால் வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிவதில்லை. சுக்கு டப்பா எங்கே என்று கேட்டால் சிரிக்கிறார்கள். நானிருந்தும் இல்லாமலும் இந்த இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்து, இதே படியில் மேலும் கீழும் ஓடி, ஒருத்தி சேலையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு இருந்தவர்கள். போனில் பேசினால் எந்தக் குரல் யாருடையது என்று எனக்கே பிடிபடாது. அவர்களுக்கு நடுவில் விழுந்தது ஒரே ஒரு எழுத்து. சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அரபி எழுத்து ஒன்று, அதை நம் பக்கத்தில் ழ என்றுதான் சொல்வோம், ரமழான் என்போம், காழி என்போம். பேப்பர்காரன் ரமலான் என்று எழுதுவான், ஜித்தாவில் என் பக்கத்துக் கட்டில் பாகிஸ்தானி ரம்ஜான் என்பான், அரபிக்காரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பதில் சலாம் சொல்லிவிட்டுப் போவான். ருக்கையா நான் இல்லாத காலத்தில் மிஸ்ரு என்கிற எகிப்து நாட்டு உஸ்தாதா அம்மாள் ஒருவரிடம் கம்ப்யூட்டர் வழியாக ஓதப் படித்தாள், நாக்கின் ஓரத்தைக் கடைவாய்ப் பல்லில் பதித்து அந்த எழுத்தைச் சொல்லப் பழகினாள், எத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணிக்கொண்டாளோ. பிறகு ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் கூடி ஓதும்போது அவளை முன்னால் உட்காரச் சொன்னார்கள். அவள் புதுசாய்ப் பழகிய மாதிரி ஓதினாள். மைமூன் சிரித்துவிட்டாள். சிரித்ததோடு விட்டிருக்கலாம். “எங்க உம்மா வயித்துல பொறந்தவளுக்கு ழ வராமப் போச்சே” என்றாள், அத்தனை பேர் முன்னால். ருக்கையா எழுந்து வந்துவிட்டாள். சாப்பிடவில்லை. அன்றிலிருந்து லாத்தா என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. ஒரு எழுத்து. நான் இரண்டு மாதிரியும் ஓதிப் பார்த்தேன், தனியாக, குளியலறையில், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அதை வெளியே சொல்ல முடியுமா.

சரி, எழுத்தை விடு, எண்ணுக்கு வா. கண் மூடுகிறது பார், முகத்தைத் தேய். ருக்கையா இப்போது வெளிநாட்டில் இருக்கிற பெண்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓதிக் கொடுக்கிறாள். லண்டன், சிங்கப்பூர், கொழும்பு, எங்கெங்கோ போன நம் ஊர்ப் பெண்கள். அவளுக்கு உலகத்தில் இப்போது மிச்சமிருக்கிற பெருமை அந்த வகுப்பு ஒன்றுதான். கல்யாண வீட்டில் விழுந்த சிரிப்பை ஒவ்வொரு நாளும் அதை வைத்துத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அது அறுகிறது. பாதி வாக்கியத்தில் அறுகிறது. மறுபடி சேர்ந்தால் மறுபடி அறுகிறது. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி, லாத்தா உங்க ஊர்ல நெட்டு சரியில்ல, நான் வேற எடம் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டே போனாள். அன்றைக்கு ருக்கையா அழவில்லை, சுடலைக்குப் போன் போட்டாள். வீட்டுக்கு வருகிற இணைப்பு ஒன்றுதான், கீழே எங்கள் கூடத்தில் இருக்கிற ரூட்டருக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு கேபிள் இந்தப் படிக்கட்டுச் சுவரை ஒட்டி மேலே போய் ஷேக்னா வாங்கி அனுப்பிய இன்னொரு ரூட்டரில் சேர்கிறது. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் வேண்டும், அதுதான் முகவரி, அதைக் கொடுப்பது ரூட்டரின் வேலை. கல்யாணப் பந்தியில் வாசலில் ஒருவர் நின்று டோக்கன் கொடுத்தால் குழப்பமில்லை. எங்கள் வீட்டில் மாடியில் ஒருவர், கீழே ஒருவர், இரண்டு பேரும் ஒன்றாம் எண்ணிலிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் போன வாரம் கண்டுபிடித்தேன். ஷேக்னாவுக்குப் போன் செய்தேன், அவர் குவைத்தில் இருந்தபடியே நெட்டு வழியாக உள்ளே நுழைந்து மேல் ரூட்டரின் டோக்கன் வேலையை நிறுத்தினார். “இனி ஒரு பிரச்சினையும் வராது சகலை” என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ருக்கையாவிடம் போய்ச் சொன்னேன். போன்களெல்லாம் ஒழுங்காகிவிட்டன. அன்று பிற்பகல் வகுப்பு மறுபடியும் அறுந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. திட்டியிருந்தால் தேவலாம்.

ஜித்தாவில் ஆரம்பத்தில் எனக்கு அரைக் கட்டில்தான். பகல் வேலைக்காரனும் இரவு வேலைக்காரனும் ஒரே கட்டிலைப் பங்கு போட்டுக்கொள்வோம். நான் எழுந்து போகும்போது அவன் வருவான், மெத்தையில் என் சூடு ஆறியிருக்காது, அதில் அவன் படுத்துக்கொள்வான். திருச்சிப் பக்கத்து ஆள், பெயர்கூட ரொம்ப நாள் தெரியாது, தலையணை வாசம் மட்டும் தெரியும். வாரமெல்லாம் ஒரு தகராறும் இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. அன்றைக்குத்தான் வரும் சண்டை. ஒரே எண்ணை இரண்டு மிஷின் வைத்திருந்தாலும் அப்படித்தான், ஒன்று அணைந்து கிடக்கிற வரைக்கும் ஒரு வம்பும் இல்லை. இரண்டும் விழித்தால் ஒன்றை ஒன்று தள்ளும். அப்படியென்றால். அப்படியென்றால் ருக்கையாவின் கம்ப்யூட்டர் விழிக்கிற அதே நேரத்தில் இன்னொன்று விழிக்கிறது. நேரம் பார்த்து விழிக்கிறது. இதைத்தான் அவளும் சொல்கிறாள். நேரம் பார்த்துக் கெடுகிற மிஷின் எந்த ஊரில் இருக்கிறது. நான் சுற்றிச் சுற்றி வந்து அவள் சொன்ன இடத்திலேயே நிற்கிறேன். உண்மையிலேயே மைமூன்தான் செய்கிறாளோ. அப்படி இருந்தால் அதைக் கண்டுபிடிக்கிறவன் நானாக இருக்க வேண்டாம். பேசாமல் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் படுக்கலாம். சுடலை வருவான், குழைப்பான், பூசுவான், நானும் ஈரச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவேன். எத்தனை வீட்டில் சுவர் இல்லை. பிறகு பெருநாள் அன்று என்ன செய்வது, மேலேயிருந்து பாயசம் வரும் தூக்கு எந்த வழியாக வரும், இரும்புப் படியில் இறங்கித் தெருவைச் சுற்றியா வரும். வராது. அதுதான் விஷயம், வராது. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் கிழவிகளாகி, ஒருத்தி மவுத்தானால் இன்னொருத்திக்கு ஆள் அனுப்பித்தான் தெரியும். எனக்கு அதைக் காணப் பயமாக இருக்கிறது. நான் முதலில் போய்விட்டால் தப்பினேன்.

கீழே கூடத்தில் ருக்கையா இன்னும் வகுப்பைத் தொடங்கவில்லை, ஓதுமுன் கைகால் கழுவி ஒளூ செய்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அவள் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது, சற்றுமுன் நானே பார்த்தேன். அதன் எண் எனக்கு மனப்பாடம், நானே என் கையால் அதற்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்தது, அந்த எண்ணுக்குத்தான் முதல் மரியாதை என்று ரூட்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சும்மா, வேறு ஒன்றும் தோன்றாததால், என் லேப்டாப்பில் இருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். அணைந்த மிஷின் பதில் சொல்லாது. பதில் இல்லை என்று நான்கு வரி வரும், நான் மூடிவிட்டுப் படுக்கப் போவேன். பதில் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், முழங்கால் மறந்துவிட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பதில் வந்தது, உடனே, பக்கத்து அறையில் இருந்து ம் என்பது போல. வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்து கதவைத் தட்டி, உள்ளேயிருந்து யாரு என்று கேட்டால் எப்படி இருக்கும். இந்த வயதில், பட்டப்பகலில், ஒரு எண்ணுக்குப் பயப்படுகிறேன். பிறகு தலைக்கு மேல் ஓடுகிற கேபிளைப் பார்த்தேன். மேல் ரூட்டருக்குப் போகிற கேபிள், நடுவில் ஒரு இணைப்பு வைத்து நீட்டியிருக்கிறார்கள், அது என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. கழற்றினேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. மாட்டினேன். கூப்பிட்டேன். கொஞ்சம் தாமதித்துப் பதில் வந்தது. அப்படியானால் மேலே இருக்கிறது அது. மேலே, மைமூனிடம், விழித்துக்கொண்டு இருக்கிறது, ருக்கையா இன்னும் உட்காரக்கூட இல்லை, அதற்குள் தயாராக. அந்த எண்ணை மறுபடி பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, அதெல்லாம் எல்லா வீட்டிலும் இருக்கிற முன்னொட்டு. கடைசி இரண்டும்தான் நம்முடையது. ஏழு புள்ளி எண்பத்தாறு. யா அல்லாஹ். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தம் போடாமல் சிரித்தேன், தோள் குலுங்கியது. பிஸ்மில்லா சொல்லி எதையும் தொடங்க வேண்டும் என்று நம் ஆட்கள் கடைப் பலகையில், லாரி நெற்றியில், கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் போடுகிற எண். இந்த மிஷினில் எழுநூற்று எண்பத்தாறு போட முடியாது, இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் ஏறாது. அதனால் வீட்டு வரிசைக்கு ஏழு என்று வைத்து, ருக்கையாவின் கம்ப்யூட்டருக்கு எண்பத்தாறு கொடுத்தேன், பெரிய புத்திசாலி மாதிரி. ஷேக்னா குவைத்தில் உட்கார்ந்து தன் மனைவியின் கம்ப்யூட்டருக்கு ஒரு எண் போட நினைத்திருப்பார். வரிசை ஏழு என்று திரையில் பார்த்திருப்பார். ஏழைப் பார்த்த பிறகு நம் ஆளுக்கு எண்பத்தாறைத் தவிர வேறு என்ன தோன்றும்.

இப்போது மேலே போக வேண்டும். போவதென்றால் சும்மா ஏறிப் போய்விட முடியாது. ஆண்பிள்ளை இல்லாத வீடு, மனைவியின் அக்காள், நான் எத்தனை காலமாக இந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்தாலும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று செருமித்தான் பேச வேண்டும். செருமினேன். உள்ளே ஏதோ நாற்காலி இழுபட்டது. “மச்சி, நாந்தான்” என்றேன், மனைவியின் அக்காளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் முறைப்பெயர். கதவுக்கு அருகில் வந்து நிற்கிற சத்தம். “சொல்லுங்க மாப்பிள்ளை, சுடலை வந்துட்டானா?” அந்தக் குரலைக் கேட்டதும் வழக்கம்போல ஒரு கணம் ருக்கையா என்றே நினைத்தேன். “அஸருக்குப் பொறவுதான் வருவான். ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க கம்ப்யூட்டர் இப்ப ஓடுதா?” அவள் மிஷின் இதைவிடச் சீக்கிரம் பதில் சொன்னது. “ஓடுது” என்றாள் கடைசியில். “தெனம் இந்த நேரத்துலதான் போடுறீங்களா?” ஆமாம், வேண்டுமென்றேதான் செய்கிறேன் என்று சொல்லிவிடுவாளோ, சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். “அவ அனுப்பிச்சாளா உங்கள?” என்றாள். “இல்ல மச்சி, அவளுக்குத் தெரியாது.” கதவில் ஏதோ சாய்கிற சத்தம், நெற்றியாக இருக்கும். “தெரியாதா? அவளுக்குத் தெரியாமத்தான் என்னயத் தெனம் தூக்கி வெளிய போடுறாளா?” எனக்குப் புரியவில்லை. என்ன வெளியே, யாரை யார் போடுவது. அப்போதுதான் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, யாரோ கழுத்தைப் பிடித்துக் கேட்பது போல. அவள் தினமும் அந்த வகுப்பில் போய் உட்காருகிறாள். கொழும்பில் இருக்கிற சின்னம்மா முறைச் சாச்சி மகள் பரீதா இதில் சேர்ந்துவிட்டுப் போகாமல் விட்டுவிட்டாளாம், அவள் பெயரிலேயே நுழைந்து, முகம் காட்டாமல், வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்கிறாளாம். “அவ ஓதுறதக் கேக்காம எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது மாப்பிள்ளை. கேட்டுக்கிட்டே இருப்பேன், படக்குன்னு போயிரும். அவ கண்டுபிடிச்சிட்டா, நாந்தான்னு தெரிஞ்சுதான் வெளிய தள்ளுறான்னு நெனைச்சேன். தள்ளட்டும், நான் பேசினது அப்படி. மறுபடி போய் உக்காருவேன். மறுபடி தள்ளுவா.” நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கேட்பதற்காகத் திறக்கிறாள், திறந்ததால் அறுகிறது. ஒருத்தி அறுக்கிறாள் என்று ஒருத்தி, தள்ளுகிறாள் என்று ஒருத்தி. கீழே செங்கல். “யாரும் யாரையும் தள்ளல மச்சி” என்றேன். “உங்க மிஷினுக்கும் அவ மிஷினுக்கும் ஒரே நம்பரு. சகலையும் நானும் பாத்துக்காம ஒரே நம்பரப் போட்டுட்டோம்.” “என்ன நம்பரு?” சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியாது, இரண்டுக்கும் அவர்கள் இருவருக்கும் ஒரே மாதிரி மூச்சுதான். “மாத்துனா அறுபடாதா?” “அறுபடாது. எங்களுத மாத்திக்கிறேன், எண்பத்தேழு போட்டா ஒண்ணும் கொறஞ்சிராது.” பிறகு, நான் இறங்கும்போது, “அவள்ட்ட வகுப்புல நான் இருக்கேன்னு சொல்லாதீங்க” என்றாள். “சொன்னா அவ மாப்பு கேட்டுத்தான் ஆகணும், ஊர் முழுக்கப் பேசிட்டா, அவளுக்கு அது முடியாது. முடியாம என்னய வகுப்புலேருந்து எடுத்துருவா. சொவரு வேணா இருந்துட்டுப் போகட்டும். இது இருக்கட்டும்.”

இறங்கினேன். ஒரு படிக்கு ஒரு மூச்சு. வெற்றி பெற்றவன் இப்படியா இறங்குவான். கண்டுபிடித்துவிட்டேன், வாயைத் திறக்கக் கூடாது. எனக்கென்று ஒரு கட்சி இருந்தால் இப்போது எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். ருக்கையா முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள், கைத்துணியால் திரையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பழக்கம் அது, அறுபடப் போகிறது என்று தெரிந்தே துடைப்பது. “கொஞ்சம் எழுந்திரி, ஒரு நம்பர மாத்தணும்” என்றேன். “என்னத்த மாத்தி என்ன ஆகப் போகுது” என்றாள், ஆனால் எழுந்தாள். நான் எண்பத்தாறை அழித்தேன். கை ஒரு கணம் தயங்கியது, தயங்கவில்லை என்று சொன்னால் பொய். எண்பத்தேழு என்று அடித்தேன். “கோளாறு என்னுதுதான் ருக்கையா, நான் போட்ட நம்பரு தப்பு” என்றேன். அதற்கு மேல் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். “நீங்க அவளுக்காகப் பேசுறீங்க” என்றாள். அலுப்பாக இருந்தது, எதிர்த்துப் பேசக்கூட வலு இல்லை. “சுடலை வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் படிக்கட்டுக்கே வந்தேன். வகுப்பில் பெண்கள் இருக்கிறார்கள், நான் கூடத்தில் இருக்கக் கூடாது. படுக்கைக்குப் போயிருக்கலாம். ஏனோ இங்கேதான் வந்து உட்கார்ந்தேன்.

அவள் ஓதத் தொடங்கினாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு அறுகிற இடத்துக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் அறுந்து அறுந்து எனக்கும் அது பழகிப்போயிற்று, அவள் மூச்சு எடுக்கிற இடமெல்லாம் அறுந்ததோ என்று திடுக்கிடுகிறேன். அறுபடவில்லை. சிங்கப்பூர்ப் பெண் ஓதினாள், ருக்கையா திருத்தினாள், மறுபடி ஓதினாள். லண்டன் பெண் ஓதினாள், அந்த எழுத்து வந்தது, “நாக்கு ஓரத்த பல்லுல வைங்கம்மா, ழ இல்ல” என்றாள் ருக்கையா, அந்தப் பெண்ணும் சொன்னாள். அறுபடவில்லை. கண் சொருகுகிறது எனக்கு. சுவரில் தலையைச் சாய்த்தேன், சுண்ணாம்பின் குளிர்ச்சி நெற்றிப் பொட்டுக்கு இதமாக இருந்தது. இப்படியே தூங்கிவிட்டால் சுடலை என்னையும் சேர்த்துச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவான், அதுவும் நல்லதுதான், இரண்டு பக்கமும் கேட்கும். எல்லோரும் ஓதி முடித்தும் நேரம் மிச்சமிருந்தது. வழக்கமாக பாதிப் பேருக்குக்கூட முறை வராது, அதற்குள் அறுந்துவிடும். இன்றைக்கு வரிசை கடைசி வரைக்கும் போகிறது. கடைசி வரைக்கும் போனால். அதை நான் யோசிக்கவே இல்லை. நிமிர்ந்தேன். “கொழும்பு பரீதா லாத்தா” என்றாள் ருக்கையா, தன்னைவிட மூத்தவளுக்குக் கொடுக்கிற மரியாதையோடு. “நீங்க ஒரு நாளும் ஓதுனதே இல்லியே. இன்னைக்கு உங்க மொறை. வெக்கப்படாதீங்க லாத்தா, ஓதுங்க.” எத்தனை மாதம் கழித்து இந்தப் படிக்கட்டில் அந்தச் சொல் ஏறிப் போகிறது. வேண்டாம் மச்சி, அணைத்துவிடுங்கள், நெட்டு போய்விட்டது என்று இருந்துவிடுங்கள், என் மனம் இப்படி அடித்துக்கொள்கிறது. “லாத்தா, இருக்கீங்களா?” என்றாள் மறுபடியும்.

மைமூன் ஓதினாள். முதலில் மெல்ல, பிறகு உரக்க. குரல் தலைக்கு மேலே கதவு வழியாக வந்தது, ஒரு கண்ணிமைப்புக்குப் பிறகு கீழே கம்ப்யூட்டரிலிருந்தும் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே குரல், நடுவில் நான். அந்த எழுத்து வந்தது, அவள் ழ என்றே சொன்னாள், அவர்கள் உம்மா சொல்லிக் கொடுத்த ழ, அழுத்தமாக. கீழே யாரும் திருத்தவில்லை. எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. நாற்காலி பின்னால் சாய்கிற சத்தம், வெறுங்கால் நடை, ருக்கையா படியடியில் வந்து நின்றாள். முக்காடு தோளில் கிடந்தது. என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டி மேலே கதவைப் பார்த்தாள். இப்போது கத்துவாள் என்று நினைத்தேன், அல்லது அழுவாள். “லாத்தா” என்றாள், “அது ழ இல்ல.” மேலே தாழ்ப்பாள் இழுபட்டது. எத்தனை மாதமாகத் திறக்காத கதவு, கீல் கிறீச்சிட்டது. நான் மரியாதைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். “உம்மா சொல்லித் தந்தது அதாண்டி” என்றாள் மைமூன். “உம்மாவுக்கு யாரு சொல்லித் தந்தா?” “அவுக உம்மா!” “அவுகளுக்கு?” “ஒன் மிஸ்ருக்காரிக்கு யாரு சொல்லித் தந்தா, அதச் சொல்லு மொதல்ல.” “எத்தன நாளா ஒளிஞ்சி உக்காந்து கேக்குறே நீ?” “கேட்டா என்ன, ஒன் வகுப்பு தேஞ்சா போயிருச்சு?” “தேஞ்சுதான் போச்சு! நீ உக்காந்ததாலதான் அறுந்துச்சு, ரெண்டு பேரு போயிட்டாளுவோ!” “நானா அறுத்தேன், ஒம் மாப்பிள்ளையக் கேளு, அவரும் எங்க வீட்டாளும் போட்ட நம்பரு!” குரல் ஏறுகிறது, இரண்டும் ஒன்றாகவே ஏறுகிறது, எது யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை, பிடிபட வேண்டியதும் இல்லை. கம்ப்யூட்டரில் யாரோ பெண் சிரிப்பதும், லாத்தா என்ன ஆச்சு என்று கேட்பதும் மெல்லக் கேட்டது. என்னை நடுவில் வைத்துக்கொண்டே பேசினார்கள். நான் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ருக்கையாவைச் சுற்றி இறங்கினேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள், பேச்சை நிறுத்தாமலே. பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது போலிருக்கிறது, எப்போது என்று நான் கவனிக்கவில்லை. வாசலில் சுடலை சாந்துச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல். “என்ன பாய், உள்ள பெரிய சண்டையால்ல இருக்கு” என்றான். “நான் நாளைக்கி வரட்டா?” என் கண் எரிந்தது. தூக்கமாக இருக்கும். “நாளைக்கும் வர வேண்டாம் சுடலை” என்றேன். “சண்டை இல்ல. பேசிக்கிட்டிருக்காங்க.”